நோயில்லாத வீட்டில் கட்டிய வேப்பிலை

அம்மாளை ஏமாற்றலாம் என்று நான் நம்பினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை முதலில் சொல்லாமல் மற்றதைச் சொன்னால், அடியார்கள் கூடிய இடத்திலும் நடேசு பகிடி விடுகிறான் என்பீர்கள்.

என் யோசனை இப்படிப் போனது. அம்மாள் வருத்தம், அதுதான் அம்மை, வந்த வீட்டு வாசல் படலையில் வேப்பிலை கட்டுவார்கள். வேப்பிலை தொங்கினால் அவள் உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம். இருக்கிற வீட்டுக்கு ஒருவர் இன்னொரு முறை வருவாரா? ஆகவே வருத்தம் வரும் முன்பே நான் வேப்பிலையைக் கட்டிவிட்டால், ஒழுங்கையால் போகிற அம்மாள் அதைப் பார்த்து, இங்கே நான் ஏற்கனவே வந்துவிட்டேன் என்று நினைத்து அடுத்த வீட்டைத் தேடிப் போய்விடுவாள். அகிலமெல்லாம் ஆளுகிறவளுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது மறந்துபோகும் என்று நம்பியவன், டொக்யாட் களஞ்சியத்தில் கயிறும் ஆணியும் எடுத்துக் கொடுக்கிற நான்.

வெள்ளைக்காரரின் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போய் நாலைந்து வருஷமாகியிருந்த ஒரு பங்குனி மாதம் அது. கப்பலில் வந்த ஒருவனுக்கு மேலெல்லாம் கொப்புளம் போட்டிருக்கிறது என்று முதல் கதை வந்தது. பிறகு பட்டணத்தில் இரண்டு வீடு என்றார்கள். அடுத்த கிழமை பாலையூற்றில், எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில், ஒரு படலையில் வேப்பிலை தொங்கியது. அது உயிரை எடுக்கிற பெரியம்மையா, வந்து போகிற பொக்குளிப்பானா என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியும்வரை பெரியது என்றே வைத்து நடவுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ஊர் நன்றாகத்தான் நடந்தது. பள்ளிக்கூடத்தை மூடி, அம்மைப்பால் குத்துகிற இடமாக்கினார்கள். அம்மன் கோயிலில் பங்குனித் திங்கள் பொங்கலை, கூட்டம் கூடாமல் அவரவர் முற்றத்தில் பொங்கச் சொன்னார்கள். கிண்ணியாத் துறையடியில் தோணி ஏறுகிறவர்களிடம் ஊசி குத்திய துண்டு கேட்டார்கள். வேப்பிலை வீட்டுக்காரர் பொதுக்கிணற்றுக் கயிற்றைத் தொடக்கூடாது, பக்கத்து வீட்டார் அள்ளிப் படலையடியில் வைக்கவேண்டும் என்று ஒழுங்கும் செய்தார்கள். எல்லாரும் ஆளுக்கொரு வேலையைப் பொறுப்பெடுத்தார்கள். நான் பயப்படுகிற வேலையைப் பொறுப்பெடுத்தேன்.

ஒரு காலை என் தோளில் ஒரு சிவப்புப் புள்ளி. கட்டிலில் படுத்துக்கொண்டு மனைவி செல்வத்தைக் கூப்பிட்டு, மூத்தவள் வசந்தியை நன்றாகப் படிப்பிக்கச் சொன்னேன். செல்வம் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். நுளம்பு கடித்தது என்றாள். அவளுக்கு அப்போது நிறைமாதம். குனிய முடியாத வயிற்றோடு என் தோளுக்குக் குனிந்து பார்த்தாள் என்பதை இப்போதுதான் நினைக்கிறேன்.

அப்படியானால் அம்மைப்பால் குத்திக்கொண்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஊசி குத்தியவனின் கை அழுகி விழுந்ததைக் கண்ட ஒருவனைத் தனக்குத் தெரியும் என்று டொக்யாட்டில் ஒருவன் சொன்னான். நான் அதையும் நம்பினேன். பள்ளிக்கூடத்துக்குப் போகாதவர்களை வீடு வீடாகத் தேடி வருகிற ஊசி ஐயாவும் வேப்பிலை கட்டிய வீட்டுக்கு வரமாட்டார். ஒரே வேப்பிலையில் அம்மாளிடமும் தப்பலாம், ஐயாவிடமும் தப்பலாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

செல்வம் ஒரே ஒரு முறை தடுத்தாள். "வாசலில இதைக் கட்டினா எனக்கு நோக்காடு வாற நேரம் ஆர் உள்ளுக்க வருவினம்?" என்று கேட்டாள். அதற்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது, அதற்குள் எல்லாம் அடங்கிவிடும் என்றேன்.

கட்டினேன். பக்கத்து வீட்டுப் பூரணம் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து யாருக்கு என்று கேட்டபோது, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வசந்திக்கு என்று சொன்னேன். முகத்தில் எத்தனை, கையில் எத்தனை என்றும் விவரித்தேன். பொய்யை அரைகுறையாகச் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. முந்தின வருஷம்தான் துறைமுகத்தில் மாக்கப்பல் உடைந்து சும்மா மா அள்ளுகிறார்கள் என்று சொல்லி அரை ஊரைச் சாக்கோடு ஓட வைத்தவன்.

முதல் மூன்று நாளும் சந்தோஷம். வேலைக்கு வரவேண்டாம் என்று டொக்யாட்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள். படலையில் இளநீர் வந்தது, கதலிப்பழம் வந்தது. ஒரே கஷ்டம், அம்மாள் வீட்டில் தாளிக்கவோ மீன் பொரிக்கவோ கூடாது. மூக்கு நீண்ட ஊரில் நானே கட்டிய வேப்பிலைக்கு நானே கஞ்சி குடித்தேன். ஆறு வயது வசந்தியை வெளியே விடவில்லை. அவள் யன்னலால் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் இழுத்துப் படுக்க வைத்தேன்.

விடிய விடியப் பூரணம் அக்கா நாலு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஒரு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போவதை யன்னலால் கண்டேன். மனதை ஏதோ செய்தது. ஆனாலும் அவிழ்க்கவில்லை.

ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிபோல் செல்வம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கிழமை முந்தி.

மருத்துவிச்சி அம்மா வீட்டுக்கு ஓடினேன். என்னை ஒழுங்கை முடக்கில் கண்டதுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதில நில்லுங்கோ தம்பி. கிட்ட வரவேண்டாம்."

"அம்மா, மனுசிக்கு நோக்காடு துடங்கீற்றுது. வீட்டில ஒருத்தருக்கும் வருத்தமில்லை. வேப்பிலை நான் சும்மா கட்டினது."

"சும்மா வேப்பிலை கட்டுற மனுசரும் இருக்கினமோ? மகளுக்கு முகத்தில எத்தனையெண்டு நீங்கள்தானே பூரணத்துக்கு எண்ணிச் சொன்னீங்கள்."

அது பொய் என்றேன்.

"இந்தக் கிழமைக்குள்ள மூண்டு பொம்பிளையளுக்கு நான் போகவேணும். உங்கட வீட்டுக்கு வந்தா அவையளிட்டப் போக ஏலாது. நீங்கள் இப்ப சொல்லுறதும் பகிடியெண்டா அந்த மூண்டு பிள்ளையளுக்கும் ஆர் பொறுப்பு?"

ஆஸ்பத்திரிக்கு அறிவிக்கிறேன் என்றார். ஆனால் அங்கேயும் வேப்பிலை வீடென்றால் வருத்தக்காரர் படுக்கிற கொட்டிலில்தான் விடுவார்கள் என்றும் சொன்னார். அவர் குரலில் கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் சொன்னது அத்தனையும் சரி.

வாடகைக் கார்க்காரன் என்னைக் கண்டதும் கண்ணாடியை ஏற்றினான். பூரணம் அக்கா படிக்குக் கீழே நின்று அழுதாள், உள்ளே வரவில்லை. அவளுக்கும் மூன்று பிள்ளைகள். வீட்டுக்குள் செல்வத்தின் முனகல் கத்தலாக மாறியது. அவள் முதற் பிள்ளைக்கே மிகவும் பாடுபட்டவள்.

கோயிலுக்கு ஓடினேன். வேப்பிலை வீட்டு ஆள் கோயிலுக்குள் கால் வைப்பதில்லை. ஐயர் வாசலில் நின்று தலையை ஆட்டினார். பங்குனி வெயிலில் வெளிவீதி மணலில் விழுந்தேன். நெற்றி சுட்டது. வாழ்க்கையில் பகிடி கலக்காமல் நான் கும்பிட்ட முதல் கும்பிடு அது.

"அம்மா, உன்ர பேரில பொய் சொல்லிப்போட்டன். தண்டனை எண்டா எனக்குத் தா. அவள் வேண்டாமெண்டு சொன்னவள். உள்ளுக்க ஒரு ஆளை அனுப்பு. ஒரே ஒரு ஆள்."

எழும்பித் தூரத்தில் நின்றவர்களுக்கெல்லாம் உண்மையைக் கத்திச் சொன்னேன். நம்பவில்லை. ஒருவன் மட்டும், மாக்கப்பல் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

திரும்பி வந்தபோது என் படலையில் பாத்தும்மா ராத்தா தயிர்ச்சட்டி வைத்துக்கொண்டிருந்தார். கிண்ணியாத் துறைக்கு அப்பால் குறிஞ்சாக்கேணியிலிருந்து கூடை சுமந்து வந்து எங்கள் பக்கம் எருமைத் தயிர் விற்கிறவர். முகம் முழுக்கப் பழைய அம்மைத் தழும்பு. துறையடியில் எல்லாரிடமும் துண்டு கேட்கிறவர்கள் அவரிடம் கேட்பதில்லை. என் முகமே துண்டுதானே என்று சிரிப்பார். வேப்பிலை வீடென்றால் சட்டியைப் படலையடியில் வைத்துவிட்டுப் போவார். அன்று காலை அவர் நின்ற முதல் வேப்பிலை வீடு என்னுடையது.

"என்ன தம்பி, நெத்தியெல்லாம் மண்?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். உள்ளிருந்து செல்வம் கத்தியது அவருக்கும் கேட்டது.

"வேப்பிலை பொய்யெண்டு சொல்றீங்க. இப்பச் சொல்றது பொய்யில்லையெண்டு எப்படித் தெரியும்?"

"எனக்கே தெரியேல்லை ராத்தா. நீங்களே பாருங்கோ."

அவர் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "எனக்கென்ன பயம். ஒருக்கா வந்த மேலுக்கு அது திரும்ப வராது."

என்னுடைய அதே யோசனை. அவர் அதை உடம்புக்குச் சொன்னார், நான் படலைக்குச் சொன்னேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

உள்ளே வசந்தி குசினி வாசலில் இருந்து உப்புத் தொட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். ராத்தா அவளை வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து உள்ளங்கை பார்த்தார், உள்ளங்கால் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லி நாக்கையும் பார்த்தார். என் சட்டையையும் கழற்றச் சொன்னார். அந்த நுளம்புக்கடியைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு செல்வத்தின் முகத்தையும் கையையும் அறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, கூடையை முற்றத்தில் விட்டுவிட்டு, மருத்துவிச்சி அம்மா வீட்டுக்கு நடந்தார். அந்த வயதில் அப்படி வேகமாக நடப்பாரென்று நான் நினைக்கவில்லை.

அங்கே என்ன சொன்னார் என்று பிறகு மருத்துவிச்சி அம்மாவே சொன்னார். "அந்த ஊட்டில ஒரு பொட்டுமில்ல. நான் கண்ணால கண்டன். அவன் பொய்க்காரன்தான், ஆனா இண்டைக்குப் பொய் சொல்லல்ல." ராத்தாவின் அந்தத் தழும்பு முகத்தைப் பார்த்த பிறகு அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? மருத்துவிச்சி அம்மா பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பூரணம் அக்கா சுடுதண்ணீரோடு பின்னால் ஓடி வந்தாள்.

பிள்ளையின் கழுத்தில் கொடி இரண்டு சுற்று. மருத்துவிச்சி அம்மாவின் கைக்குத்தான் அது தெரியும், எனக்கோ பூரணம் அக்காவுக்கோ தெரிந்திராது. வெளியில் நின்ற எனக்குக் கேட்டதெல்லாம் ஒரு நீண்ட அமைதி. அதற்குப் பிறகு ஒரு அழுகை. அன்று கேட்ட அந்தச் சத்தத்துக்குப் பிறகு எந்த நாதஸ்வரமும் எனக்குப் பெரிதாகத் தெரிந்ததில்லை.

அடுத்த நாள் வேப்பிலையை அவிழ்த்து, படலை படலையாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். பூரணம் அக்கா, "அஞ்சு நாள் அள்ளினனான். இனி நீ அள்ளு" என்று கயிற்றைத் தந்தாள். ஒரு மாதம் அள்ளினேன். பள்ளிக்கூடத்து வரிசையில் முதல் ஆளாக நின்று கையை நீட்டினேன். ஊசி பட்டதும் மயங்கி விழுந்தேன் என்பதும் உண்மை. ஆனால் எழும்பிப் பார்த்தால் பின்னால் வரிசை வீதிவரை நின்றது. நடேசுவே குத்திக்கொண்டான், இனி எங்களுக்கென்ன என்று வந்தவர்களாம். என் வீரம் அல்ல, என் பயந்தாங்கொள்ளித்தனம்தான் எங்கள் ஒழுங்கையை ஊசி வரிசைக்கு இழுத்து வந்தது. கையும் அழுகவில்லை. குத்தின புண் ஆறி வடு விழுந்த பிறகு, உண்மையாகவே வேப்பிலை கட்டிய வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தவனும் நான்தான்.

அடியார்களே, பகிடியை நான் விடவில்லை. செல்வத்தைக் கேட்டால் தெரியும். ஆனால் அம்மாளோடு வியாபாரத் தந்திரம் செய்வதை அன்றோடு விட்டேன். உங்களுக்கு ஒரு பயம் வந்தால் மணலில் விழுந்து உண்மையைச் சொல்லுங்கள். அவளுக்கு முதலே தெரிந்த உண்மைதான், ஆனாலும் உங்கள் வாயால் சொல்லுங்கள். பிறகு ஊசி ஐயாவிடம் கையை நீட்டுங்கள். ஒரு ஆளை அனுப்பு என்று கேட்டேன். சிங்கத்தில் வருவாள் என்று எதிர்பார்த்தேன் என்றாலும் தப்பில்லை. வந்தது தயிர்க்கூடை. அதை அனுப்பியவள் அவளே என்பதில் எனக்கு இன்றுவரை ஒரு சந்தேகமும் கிடையாது.

வந்தது பொக்குளிப்பான்தான் என்று பிறகு டொக்டர் சொன்னார். எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் சாகவில்லை. மருத்துவிச்சி அம்மா சொன்ன அந்த மூன்று பெண்களின் பிள்ளைகளும் சுகமாகப் பிறந்தன. செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குச் செல்வத்துக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. இரண்டு உயிரும் பிழைத்தன.