வால்டர் வாய் திறக்காத நாற்பது நிமிடம்

"கடைசியா எதைத் தாண்டி வந்தீங்க?"

தொலைபேசியை எடுத்ததும் ஆர்டிஸ் வீப் என்ற அம்மாள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை. பனியில் சறுக்கிப் பள்ளத்தில் கிடப்பவனுக்கு அது தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்பார். தண்டவாளத்தைத் தாண்டினீர்களா, தானியக் கிடங்கு வந்ததா, காற்று வண்டியின் எந்தப் பக்கம் அறைகிறது என்று நாலு கேள்வி கேட்டுவிட்டு, கனடாவின் மூஸ் ஜா ஊரைச் சுற்றி அறுபது மைலுக்குக் கட்டம் கட்டமாக ஓடும் மண்சாலைகளில் அது எது என்று சொல்லிவிடுவார். அந்தச் சாலைகளை அவர் கண்ணால் பார்த்து நாற்பத்திரண்டு வருடமாகிறது. பத்தொன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் பார்வை போய்விட்டது.

வழியில் சிக்கிய வண்டிகளைக் கட்டி இழுத்து மீட்கும் ரஸ்ஸல் என்பவரின் இழுவை வண்டி நிறுவனத்துக்கு, வீட்டுச் சமையலறை மேசையில் இருந்தபடியே வண்டிகளை அனுப்பும் வேலை. வலது காதில் வாடிக்கையாளர். இடது காதில் வால்டர். வால்டர் என்பது ஆள் இல்லை. கணினியில் இருப்பதையெல்லாம் வாசித்துச் சொல்லும் பழைய இயந்திரக் குரல். பெயர் செத்துப்போன மாமனாருடையது. "அவரும் இப்படித்தான், மூச்சு விடாம மூக்காலயே பேசுவாரு. இவன் பேச்சுல விஷயம் இருக்கும், அதான் வித்தியாசம்."

வால்டரை அவர் ஓட விடும் வேகத்தில் மற்றவர்களுக்குத் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போலத்தான் கேட்கும். அவருக்கோ ஒவ்வொரு எழுத்தும் துல்லியம். அதனால் மனிதர்கள் பேசுவதெல்லாம் அவருக்கு ஆமை வேகம். பக்கத்து வீட்டு கோர்டி தானியக் கிடங்கில் எடை போட்டு ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துத்தான் வெளியே விடுவார். அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் ஆர்டிஸ் இரண்டு துண்டு மடித்து வைத்துவிடுவார்.

கணினியைப் புது இயங்குதளத்துக்கு மாற்றச் சொல்லி தினமும் காலை ஒன்பது மணிக்கு ஓர் அறிவிப்பு வரும். வால்டர் வாசிப்பான். முதல் இரண்டு சொல்லிலேயே ஆர்டிஸின் விரல் 'அப்புறம்' என்ற பொத்தானுக்குப் போய்விடும். பத்து மாதம் இப்படியே ஓடியது. சோம்பல் இல்லை, பயம். வால்டரைச் செய்த நிறுவனத்தை மூடிப் பல வருடமாகிறது. பார்வையற்றவர்களின் மின்னஞ்சல் குழுவில் விசாரித்தால், புதியதிலும் அவன் பேசுகிறான் என்று பாதிப் பேர், ஊமையாகிவிட்டான் என்று பாதிப் பேர். புதியதோடு வரும் குரல்களையும் கேட்டுப் பார்த்திருந்தார். "தேன் தடவினாப்ல பேசுதுங்க. கொஞ்சம் ஓட விட்டா வார்த்தையெல்லாம் கூழாப் போயிடுது." பள்ளத்தில் கிடப்பவனை, குரல் நிதானமாக வாசித்து முடிக்கும்வரை குளிரில் காத்திருக்கச் சொல்ல முடியுமா?

செப்டம்பர் கடைசியில் ரஸ்ஸல் கூப்பிட்டார். வண்டி அனுப்பும் மென்பொருள் அக்டோபருக்கு மேல் பழைய இயங்குதளத்தில் ஓடாது என்றார். ஒருவேளை சிக்கலானால், தன் அக்கா மகள் ரெண்டு நாளைக்குத் தொலைபேசியைப் பார்த்துக்கொள்வாள் என்றும் சேர்த்துக்கொண்டார். ரஸ்ஸல் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த 'ரெண்டு நாள்' ஆர்டிஸின் மனதில் முள்ளாகத் தைத்தது. இந்த வேலை கிடைப்பதற்கு முன் முப்பத்தொரு இடத்தில் கேட்டவர் அவர். தொலைபேசியில் பேசும்போது எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். வெள்ளைக் கோலோடு வாசலில் போய் நின்றதும் அதே குரல்கள் இறங்கிவிடும். அறுபத்தொரு வயதில் முப்பத்திரண்டாவது வாசலைத் தேட அவரால் ஆகாது.

அக்டோபரில், நன்றியறிதல் விருந்து வாரத்து ஞாயிறன்று மதியம், ஐந்து மணிவரை அழைப்புகளை ரஸ்ஸல் பக்கம் திருப்பிவிட்டு உட்கார்ந்தார். மாறும் நேரத்தில் வால்டர் பேச மாட்டான். திரையைப் பார்த்துச் சொல்ல ஒரு கண் வேண்டும். ஆர்டிஸிடம் திரையே கிடையாது. கோர்டிதான் தன் வீட்டுத் திரையைக் கழற்றி, அலுமினியத் தாள் சுற்றிய வான்கோழிக் கறியை அதன் மேல் வைத்துச் சுமந்து வந்து, வயரைக் கணினியில் செருகினார்.

"எத்தனை சதவீதம்?"

"பதினேழு."

துண்டு மடித்தார். பாத்திரம் கழுவினார். மறுபடி கேட்டார். "பத்தொன்பது," என்றார் கோர்டி. அவரும் கணினியும் ஒரே வேகக்காரர்கள் என்று ஆர்டிஸுக்குத் தோன்றியது.

மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது, ஏரி ஒன்றின் படம் வந்திருக்கிறது என்றார் கோர்டி. ஆர்டிஸ் காதில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, வால்டரை எழுப்பும் விசைகளை அழுத்தினார். சத்தம் இல்லை. மறுபடி அழுத்தினார். அணைத்துப் போட்டார். குளிர்பெட்டி முனகுவது கேட்டது, கீழே கணப்படுப்பு ஓடுவது கேட்டது, வால்டர் மட்டும் இல்லை. இருபது நிமிடம், முப்பது நிமிடம். விரல்கள் அறிந்த வழியெல்லாம் போய்விட்டு வந்தன. அதற்குப் பிறகு அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"ரஸ்ஸலைக் கூப்பிட்டுச் சொல்லிடறேன் கோர்டி. அந்தப் பொண்ணு உக்காரட்டும்."

கோர்டி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையின் மூலை முடுக்கெல்லாம் எடைச்சீட்டைச் சரிபார்ப்பது போல வாசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் நிதானமாக ஆரம்பித்தார்: கீழே வலது மூலையில் ஒரு சின்ன ஒலிபெருக்கிப் படம் இருக்கிறது, அதன் மேல் அம்புக்குறியை வைத்தால் ஒரு பேர் வருகிறது, அது தன்னுடைய திரையின் பேர். ஆர்டிஸ் இந்த முறை துண்டு மடிக்கவில்லை.

"இதுல ஒலிபெருக்கியே கிடையாது. அதனாலதான் மலிவாக் குடுத்தான். இதுக்கு எதுக்குச் சத்தத்தை அனுப்புது?"

ஆர்டிஸ் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"வயரைப் பிடுங்கு."

"பிடுங்கினா எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"எனக்கும்தான் தெரியாது. பிடுங்கு."

பிடுங்கினார். இடது காதில் ஆலங்கட்டி கொட்டியது. வால்டர் ஏதோ ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தான். இந்த நாற்பது நிமிடமும் வாயில்லாத திரைக்குள் அவன் விடாமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான். ஆர்டிஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாலைக் குறிப்புகள், ஓட்டுநர் பட்டியல், பழைய கடிதங்கள் என ஒவ்வொன்றாகத் திறந்து அவனை வாசிக்க வைத்தார். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. இனிமையான புதுக்குரலை முயன்று பார்க்கிறீர்களா என்று கணினி கேட்டது. அதையும் வால்டர்தான் வாசித்தான். வேண்டாம் என்றார்.

ரஸ்ஸலிடம் நாலே வார்த்தை. "அஞ்சுக்கு இந்தப் பக்கம் திருப்பு." அவர் மூச்சு விட்டது தொலைபேசியில் நன்றாகவே கேட்டது.

கறியைச் சூடு செய்து இருவரும் சாப்பிட்டார்கள். எதற்கும் இருக்கட்டும், திரையை இங்கேயே விட்டுப் போகட்டுமா என்று கோர்டி கேட்க ஆரம்பித்தார். முடிப்பதற்குள் தொலைபேசி அடித்தது.

"கடைசியா எதைத் தாண்டி வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஆர்டிஸ் மேசையைத் தடவி அந்த வயரைத் தேடி எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சொல்லச் சொல்ல, வளையம் வளையமாகச் சுருட்டி, தன் தலைமுடி ரப்பரைக் கழற்றி அதற்குப் போட்டு, கோர்டியின் மடியில் வைத்தார்.