பால் உறையும் முன்

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வயல் சூழ்ந்த எங்கள் ஊரிலிருந்து தினமும் நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போய்க் கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு சுத்த சைவம். முட்டையைத் தொடுகிற படிப்பென்று தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுவேன் என்று சொல்லித்தான் அப்பா என்னைச் சேர்த்திருந்தார். சொன்னால் செய்கிற மனிதர்.

கடைசி வருஷம், புரதம் நேரம் போகப் போக எப்படி மாறுகிறது என்று பார்க்கும் சோதனை வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் முட்டையின் வெள்ளைக்கரு. நான் மட்டும் பாலில் செய்கிறேனே என்று ஆசிரியையிடம் கெஞ்சினேன். அவரும் சரியென்று ரென்னட் என்ற தூளை எடுத்துத் தந்தார். வெதுவெதுப்பான பாலில் அதைக் கலந்தால் பால் சீக்கிரம் உறையும்.

கலந்த பிறகு, இடைவெளி விட்டு விட்டுக் கொஞ்சம் பாலை எடுத்து அமிலத்தில் ஊற்ற வேண்டும். மாற்றம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பிறகு வடிகட்டி, ஒவ்வொரு குழாயிலும் புரதத்திலிருந்து எவ்வளவு துணுக்கு கழன்று வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பால் வெறும் பாலாகவே தெரிந்த நேரத்திலும் உள்ளே புரதம் கழன்றுகொண்டுதான் இருந்தது. முக்கால்வாசி வேலை முடிந்த பிறகே மெல்லக் கட்டியானது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில், தூளை எந்தச் செடியிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டுத் தொலைத்தேன்.

“செடியா? கன்னுக்குட்டி வயித்துல இருந்துல்லா எடுக்கது,” என்றார் ஆசிரியை.

முட்டைக்குப் பயந்து கன்றுக்குட்டி வயிற்றில் போய் விழுந்திருக்கிறேன்! பஸ்ஸில் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறைத்துவிடலாம்தான். ஆனால் அப்பா முகத்தைப் பார்த்தால் எனக்குப் பொய் வராது. படிப்பு போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் செம்பைக் கீழே வைத்தார்.

“கட்டியாகதுக்கு முன்னாடியே உள்ள மாறிப் போச்சுன்னா சொல்லுக?”

“ஆமாப்பா.”

“நாம உறை ஊத்திட்டு உறங்கத்தான செஞ்சோம். யாரு கண்டா?”

பிறகு அடுக்களையிலிருந்த அம்மாவுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

“பிள்ளை தொட்டுட்டு வந்திருக்கு, குளிக்க வெந்நி போடு. இனி தெனமும் சாயங்காலம் போட்டு வை, பரீச்சை முடியது வரைக்கும்.”