நாங்களே பூட்டிய கம்ப்யூட்டர்

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதன் பிறகு லாரியில் கிளீனர், கிருஷ்ணகிரிப் பக்கம் கல் குவாரி, சீசனுக்கு மாம்பழக் கூழ் ஆலை, குருபரப்பள்ளியில் ரோட்டோர ஓட்டல் என்று பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. எந்த இடத்திலும் இரண்டு வருஷத்தைத் தாண்டியதில்லை. ஏதாவது ஒன்று முறிந்தால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். பையில் இரண்டு வேட்டி, மூன்று சட்டை, ஒரு போர்வை. அவ்வளவுதான் சாமான். இதை வருத்தத்தோடு சொல்லவில்லை. அப்போது எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூரில் ஒரு ப்ளூபிரிண்ட் கடையில் சேர்ந்தேன். அம்மோனியா நெடி கண்ணை எரிக்கும். இயந்திர பாகங்களின் வரைபடங்களை ட்ரேசிங் தாளிலிருந்து நகல் எடுத்து எடுத்துத்தான் கோடு என்றால் என்ன, அளவு என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன். கடைக்கு மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. காலையில் அதைத் திறந்து கூட்டிப் பெருக்கும் வேலையையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மாணவர்கள் வருவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒரு மெஷினில் உட்கார்ந்துகொள்ளலாம் என்பது பேச்சு. அப்படி ஒன்றரை வருஷத்தில், கம்ப்யூட்டரில் வரைபடம் போடக் கை பழகிவிட்டது.

எங்கள் கடைக்கு வரும் பட்டறை முதலாளி ஒருவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்; தக்காளி போட்டிருந்த சொந்த நிலத்திலேயே ஷெட் கட்டிப் பட்டறை வைத்தவர். ஒரு சனிக்கிழமை என்னைத் தனியே கூப்பிட்டார்.

“ஏம்ப்பா, பெரிய கம்பெனிக்காரன் இனிமேட்டு பேப்பர்ல ட்ராயிங் வாங்கமாட்டானாம். ஃப்ளாப்பியில குடுங்கறான். உனக்கு அந்த வேலை தெரியுமாமே?”

“தெரியுங்க.”

“மெஷினு வச்சிருக்கியா?”

“இருக்குதுங்க” என்றேன். இல்லை.

“அப்ப ஆறு ட்ராயிங் தரேன். அடுத்த வாரம் இல்ல, அதுக்கடுத்த திங்கக்கெழம காத்தால என் டேபிள்மேல இருக்கணும். சரியா வந்துச்சுன்னா மாசாமாசம் உனக்குத்தான். இல்லேன்னா பெங்களூர்ல குடுத்துக்கறேன், கோச்சுக்காத.”

அந்தப் பொய்யோடு அறைக்குத் திரும்பினேன். என்னோடு அறையில் இருந்தவன் சிங்காரப்பேட்டைப் பக்கத்துக்காரன், வேறொரு பட்டறையில் டர்னர். லேத்தில் அவன் கடைந்த சாமானை இன்ஸ்பெக்‌ஷனில் திருப்பி அனுப்பியதில்லை என்பது அவனுடைய பெருமை. விஷயத்தைச் சொல்லி, ஒரு மெஷின் வாங்கப் பாதிப் பங்கு போடுகிறாயா என்று கேட்டேன்.

“நீ கோடு போடறதுக்கு நான் எதுக்குடா பாதி போடணும்? எனக்குக் கார் ரேஸ் கேம் வேணும். சவுண்டோட வேணும்.”

“சத்தம் இல்லாம ஓட்டினா ஆவாதா?”

“ஊமைக் காரை எவண்டா ஓட்டுவான்?”

ஆக, வரைபடத்துக்கும் ஆட்டத்துக்கும் ஒரே மெஷின். பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் கடையில் வைத்திருப்பதை வாங்க எங்களால் முடியாது. புதன்கிழமை இரண்டு பேரும் லீவு சொல்லிவிட்டு, தனித்தனியாகப் பாகம் வாங்கப் பெங்களூருக்குப் பஸ் ஏறினோம்.

உதிரி பாகம் விற்கும் அந்தச் சந்தில் ஒரு கடைக்காரர் எங்களுக்காகப் பொறுமையாக நேரம் செலவழித்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். முதலில் இரண்டு பிராசஸர்களைக் கண்ணாடிமேல் வைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மலிவானதில்தான் வேக எண் பெரிதாக இருந்தது. நண்பன் உடனே அதை எடுத்தான். “ஆர்பிஎம் ஜாஸ்தி இருக்குது பாரு.”

“சார், அதில கணக்கு போடற பார்ட்டு உள்ள இல்ல” என்றார் கடைக்காரர். “நீங்க ஒரு வட்டம் போட்டா, அது வர்றதுக்குள்ள கீழ போய் டீ குடிச்சிட்டு வரலாம்.”

நண்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஓ. ஸ்பீடு இருக்குது, இழுவை இல்லை” என்று கீழே வைத்துவிட்டான். அதற்குமேல் அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மானிட்டர் பழையது, ஆனால் கலர். ஹார்ட் டிஸ்க் சின்னது. சவுண்ட் கார்டு அவன் கையை விட்டு இறங்கவே இல்லை. மதர்போர்டில்தான் நான் நின்றுவிட்டேன். ஒன்றில் மெமரி சொருக இரண்டு இடம், இரண்டும் இப்போதே நிரம்பிவிடும். விலை கூடின இன்னொன்றில் நான்கு இடம். இரண்டு காலியாகக் கிடக்கும்.

“ரெண்டு வருஷம் கழிச்சி என்ன வேலை செய்வீங்க, அதைச் சொல்லுங்க. அதுக்குத் தக்க எடுக்கலாம்” என்றார் கடைக்காரர்.

அவருக்கு அது தினமும் பத்துப் பேரிடம் கேட்கும் கேள்வி. என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. குவாரியில் நாளைக்கு வருவாயா என்று கேட்பார்கள். லாரியில் அதுவும் கேட்கமாட்டார்கள். காலியாகக் கிடக்கப் போகிற இடத்துக்குக் காசு கொடுப்பது எனக்கு விசித்திரமாக இருந்தது. கொஞ்ச நேரம் அந்த இரண்டு பிளவுகளையும் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு நான்கு இடம் உள்ளதையே எடுத்தேன்.

அதற்கு ஈடுகட்டத்தான் கேபினெட்டை விட்டோம். “தகரப் பொட்டிக்கா இவ்ளோ கேக்கறான்? எங்க ஷாப்புல மடிச்சிடறேன்” என்றான் நண்பன். பவர் சப்ளை மட்டும் தனியாக வாங்கினோம். கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் உறையில் ஒன்பது சின்னப் பித்தளைக் கால்களைப் போட்டுக் கொடுத்தார். எதற்கென்று நாங்கள் கேட்கவில்லை. பெட்டி வாங்காதவர்களுக்கு அவரே சொல்லியிருப்பார், ஆனால் அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் பெட்டி தயார். வெர்னியர் வைத்து அளந்து, ஒவ்வொரு ஓட்டையும் இம்மி பிசகாமல் போட்டிருந்தான். சனிக்கிழமை அவனுக்கு இரண்டாவது ஷிப்ட். காலையில் உட்கார்ந்து பூட்டினோம். பித்தளைக் கால்களை எடுத்துப் பார்த்து ஒதுக்கினான்.

“இதை வச்சா அடியில கேப்பு விழும்டா. கேப்பு இருந்தா அதிரும். ஜாப்பு எப்பவும் பெட்டுமேல ஒட்டி உக்காரணும்.”

இயந்திரத்தில் ஏற்றும் சாமான் ஜாப்பு, அது உட்காரும் மேடை பெட்டு; அவன் பட்டறைப் பேச்சு. எனக்கும் அது சரியென்றே பட்டது. இயந்திரங்களுக்கு நடுவே இருக்கிறவன் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வான். போர்டை வெறும் தகரத்தின்மேல் படிய வைத்து, மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினான். விரல் முட்டியால் தட்டிக் காட்டினான். “கேட்டியா? அசையாது.”

சுவிட்சைப் போட்டேன். ஃபேன் கால்வாசிச் சுற்று சுற்றி நின்றது. மறுபடி போட்டால் மறுபடி கால்வாசிச் சுற்று, ஒரு டிக், அவ்வளவுதான். நான்கு தடவை அப்படி. நண்பன் ஃபேனை விரலால் சுழற்றிப் பார்த்தான். “பேரிங் நல்லாத்தான் இருக்குது” என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமைக்கு நடுவே ஒரே ஒரு ஞாயிறு. போர்டு போய்விட்டது என்றே நினைத்தேன். அதைக் கழற்றிப் பையில் வைத்தேன். அதோடு இரண்டு வேட்டியும், சட்டைகளும், போர்வையும் உள்ளே போயின. யோசித்துச் செய்யவில்லை. கை பழகிய வேலை. நண்பன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“போர்டு காட்டறதுக்கு எதுக்குடா ரெண்டு வேட்டி?”

“சுத்தி வைக்க. அடிபடாம இருக்கும்.”

“போர்வையும் சுத்தறதுக்கா?”

நான் பையின் வாயை இறுக்கிக் கட்டினேன். அவன் செருப்பை மாட்டினான். “முடுக்கினது நான். ஓடறது நீயா?” என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கிருஷ்ணகிரி, சேலம் வண்டிகள் ஒரு பக்கம் நிற்கும், பெங்களூர் வண்டி ஒரு பக்கம். சேலம் வண்டியின் கண்டக்டர்தான் முதலில் கூப்பிட்டார். படியில் ஒரு கால் வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பை தொடையில் இடித்தது. உள்ளே இருந்த போர்டின் விளிம்பு. பாதி அவனுடையது. சேலத்தில் போய் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? காலை எடுத்துக்கொண்டேன்.

பெங்களூர்க் கடைக்காரர் வேட்டிக்குள்ளிருந்து வெளிப்பட்ட போர்டைக் கையில் வாங்கிக்கொண்டார். கண்ணாடிமேல் ஒரு அட்டையை விரித்து, அதன்மேல் போர்டை வைத்து, தன்னுடைய பவர் சப்ளையை மாட்டி, சுவிட்சைப் போட்டார். ஒரே ஒரு பீப். மானிட்டரில் எழுத்துகள் ஓடின.

“போர்டு நல்லாத்தானே இருக்கு. எது மேல வச்சீங்க?”

“தகரத்து மேலங்க.”

“கால்?”

“வைக்கலைங்க. அதிரும்னு...”

அவர் போர்டைத் திருப்பி, அடியில் முள் முள்ளாக நின்ற ஈயப் புள்ளிகளைக் காட்டினார். “அய்யோ சார், இது எல்லாமே கரண்டு போற எடம். தோசைக்கல்லுல போட்ட மாதிரி போட்டிருக்கீங்க. பவர் சப்ளை புத்திசாலி, தானே நின்னிடுச்சி. இது தொங்கணும் சார். எதையும் தொடக்கூடாது.”

ஆறு மணிக்கு நேராக நண்பனின் பட்டறைக்குப் போனேன். லேத்தை நிறுத்தாமலே என்னைப் பார்த்தான். பிறகு பையைப் பார்த்தான்.

“உசுரு இருக்குதா?”

“இருக்குது. அந்தக் காலு எங்க?”

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஷிப்டுக்கு வரும்போது எடுத்து வந்து, பித்தளைச் செதுக்கல் போடும் டின்னில் வீசியிருந்தான். இரண்டு பேரும் அதைத் தரையில் கொட்டித் தேடினோம். ஏழு கிடைத்தன. மீதி இரண்டை ஒரு துண்டுப் பித்தளையில் அங்கேயே கடைந்தான். ஒன்பதையும் மைக்ரோமீட்டரில் அளந்துவிட்டு, “கடைக்காரன் குடுத்ததுதாண்டா முன்னபின்ன இருக்குது. என்னது ரெண்டும் கரெக்டு” என்றான்.

ஞாயிறு விடிந்ததும் பூட்டினோம். பீப் கேட்டது. அன்று முழுக்க நான் வரைந்தேன். அவன் சவுண்ட் கார்டை மடியில் வைத்துக்கொண்டு, என் வேலை முடியும்வரை அதை மாட்டச் சொல்லிக் கேட்கவே இல்லை. சோறு அவன்தான் வடித்தான். திங்கட்கிழமை காலை, ட்ராயிங் கொடுத்த முதலாளி ஃப்ளாப்பியை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார்.

“ஆறும் இதுக்குள்ளயா இருக்குது?”

“இருக்குதுங்க.”

“கம்பெனிக்காரன் பாத்துச் சொல்லட்டும்” என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வியாழக்கிழமை ஆள் அனுப்பி அடுத்த நான்கைக் கொடுத்தார்.

காலியாக இருந்த இரண்டு இடங்களில் ஒன்றை அடுத்த வருஷம் நிரப்பினேன். இன்னொன்று கடைசிவரை காலியாகவே இருந்தது. ஓசூர் ரோட்டுப் புழுதி பொல்லாதது. நண்பன் மடித்த பெட்டியில் இடுக்கு கொஞ்சம் அதிகம். அதனால் முதல் ஃப்ளாப்பி கொடுத்த அந்த வாரமே என் இரண்டு வேட்டிகளில் நல்லதைக் கிழித்து, மானிட்டருக்கும் பெட்டிக்கும் சேர்த்து ஓர் உறை தைத்துப் போட்டேன்.