பஸ் நிற்கும் இடம்

எங்கள் ஊருக்குப் புது நிழற்குடை வருகிறது. எங்கே கட்டுவது என்று பஞ்சாயத்து ஆபீசில் பேசிக்கொண்டிருந்தோம். வெளியே ஈசிஆர் ரோட்டில் ஒரு பஸ் ‘புஸ்’ஸென்று காற்றைவிட்டு நின்றது. அந்தச் சத்தத்தோடு நான் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

அப்போது கோயில் எதிரில்தான் பஸ் நிற்கவேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்திருந்தார்கள். அங்கே ரோடு வளையும். குறுக்கே ஓடும்போது வருகிற லாரி தெரியாது. மரக்காணம் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ் ஏறியது நாங்கள்தான். முடிவு செய்தவர்களோ உப்பளத்துக்குச் சைக்கிளில் போகிறவர்கள்.

அப்பாவிடம் சொன்னேன். உப்புத் தண்ணீரில் வெடித்த பாதத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, “ஊர்ல பேசி முடிச்சிட்டாங்க. சின்னப் பசங்க சொல்லி மாத்துவாங்களா?” என்றார்.

பத்தாவது படித்த செல்வி அக்கா எங்களையெல்லாம் ரோடு நேராக இருக்கும் உப்பு ஷெட் பக்கம் கூட்டிப்போய் நிறுத்தினாள். முதல் நாள் பஸ் நிற்கவில்லை. வெயிலில் நடந்து, பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போய் எல்லோரும் திட்டு வாங்கினோம். மறுநாளும் அங்கேயே நின்றோம். பஸ் நின்றது.

“ஏம்மா, ஸ்டாப்பு அங்க இருக்குது, இங்க நிக்கிறீங்க?” என்றார் கண்டக்டர்.

“ஏர்ற ஆளுங்க இங்கதாண்ணே இருக்கோம்,” என்றாள் அக்கா.

பிறகு அதுவே ஸ்டாப் ஆனது.

“கோயில் பக்கம் இடம் சும்மாதான் கெடக்குது. அங்கயே கட்டிடலாம், எல்லாருக்கும் சம்மதந்தானே?” என்று பஞ்சாயத்துத் தலைவர் கேட்டது இப்போதுதான் காதில் விழுந்தது. ஆபீஸ் வாசலில் எங்கள் டூவீலர்கள் வரிசையாக நின்றன.

“பஸ் ஏர்றவங்க ஒருத்தரும் இங்க இல்லீங்களே,” என்றேன். “ஸ்கூல் விடட்டும், பசங்களக் கேப்போம்.”