இடுப்பளவுத் தண்ணீர்

"வீட்ல யாராவது சின்ன வயசுல மாரடைப்புல இறந்திருக்காங்களா?" என்று பொன்னேரி டாக்டர் கேட்டார்.

கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லிவிடுகிற ரகம் நான். "இல்ல மேடம். நைனா ஏரியில முழுகிப் போனாரு. நாப்பது வயசு இருக்கும்." அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"நீச்சல் தெரியாதா?"

சிரித்துவிட்டேன். "எங்க ஊரு பசியாவரத்துல நீச்சல் தெரியாதவங்களா? அதுவும் அங்க இடுப்பளவு தண்ணிதான் மேடம்..."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலைக்குச் சேர எடுத்த ரத்தப் பரிசோதனையில் என் எல்டிஎல் (ரத்தக் குழாய்ச் சுவரில் படியும் கெட்ட கொழுப்பு) இருபத்து மூன்று வயதில் இருக்கக்கூடாத அளவில் இருந்தது. வலி இல்லை, மூச்சிரைப்பு இல்லை. எங்கோ தவறு என்று வேறு இடத்தில் மறுபடி எடுத்தேன். அதே முடிவு.

"அடுத்த பத்து வருஷத்துல மாரடைப்பு வருமான்னு கணக்குப் போட்டா உனக்கு ஒண்ணும் இல்லனுதான் வரும். வயசு கம்மி, அதனால. ஆயுசு முழுக்கக் கணக்குப் போட்டா வேற" என்றார் டாக்டர். பரம்பரைக் கொழுப்பு மிகை (ரத்தத்திலுள்ள கொழுப்பை உடல் சரியாக அகற்றாத, பெற்றோர் வழி வரும் குறை) என்று சந்தேகப்பட்டார். அப்படியானால் கூடப் பிறந்தவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு ஒரே அண்ணன். கடலோடு கலக்கும் அந்த உப்பு ஏரியில் தினமும் மீன்பிடிக்க இறங்குகிறவன்.

அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நைனா செத்த நாளைப் பற்றி அவளிடம் யாரும் கேட்பதில்லை. குடித்துவிட்டு விழுந்தார் என்பது ஊர்க்கதை. அந்தக் கதைக்காகவே அம்மா கல்யாண வீடுகளில் கடைசி வரிசையில் உட்காருவாள்.

"அன்னிக்கி காலையில எப்டி இருந்தாரும்மா?"

"இன்னாடி இப்போ அதுக்கு?" இறாலை உரித்துக்கொண்டே பிறகு அவளே சொன்னாள். "நெஞ்சத் தேச்சிக்கினே இருந்தாரு. வாயுன்னாரு. சோடா வாங்கியாந்து குட்த்தேன். குடிச்சிட்டுப் போனாரு."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மாரடைப்பாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல இப்போது வழியில்லை.

"அப்போ சோடாதானே குடிச்சாரு" என்றாள் அம்மா. பிறகு, "அந்த டாக்டரம்மா ஊருக்கு வந்து இத நாலு பேர் எதிர்ல சொல்லுவாங்களா?"

அண்ணனிடம் பேச்சு இவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. அவன் கண்ணிமை ஓரத்தில் மஞ்சளாக ஒரு தடிப்பு உண்டு. கொழுப்பு படிந்தால் அப்படி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நைனாவின் படத்திலும் அதே இடத்தில் அது இருக்கிறது. படகுத்துறையில் வைத்து அவனிடம் இதைச் சொன்னேன்.

"உப்புத் தண்ணியால வந்ததுமே அது. நீ படிச்சது போதாதுன்னு எனக்கு சீக்கு தேடினு வர்றியா?" பீடியைப் பற்றவைத்தான். "செத்தவருக்கே வைத்தியம் பாக்கறா, நான் எம்மாத்திரம்!" படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஜுரம் என்றால் பன் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். வரப்போகிற நோயைப் பார்க்க யாரும் வருவதில்லை. கொழுப்பைக் குறைக்க தினமும் சாப்பிட்டதும் ஒரு மாத்திரை போடுகிறேன். குழந்தை பெறும் எண்ணம் வந்தால், மாத்திரையை நிறுத்துவதற்காக முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதை வீட்டில் யாரிடம் பேசுவது? அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்கு இதய நோய் என்று கேட்காதீர்கள். யார் எப்படிச் செத்தார்கள் என்று கேளுங்கள். கடலோரத்தில் பல சாவுகளைத் தண்ணீரின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

முன்பெல்லாம் எனக்கு எதிலும் அவசரம். இப்போது என் உடம்பு, அவசரமே இல்லாமல் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கும் இடமாகத் தெரிகிறது. நாற்பது வயது எங்கோ தூரத்தில் இல்லை. படகுத்துறையில் நின்று, இடுப்பளவுத் தண்ணீரில் வலை கட்டும் அண்ணனைப் பார்க்கிறேன். அவன் குனிந்தால் நிமிரும்வரை என்னால் நகர முடிவதில்லை.

வெள்ளிக்கிழமை அவனுக்குப் பாடு (முறை வைத்து வலை கட்டும் உரிமை) இல்லை. வலை நூல் வாங்கப் பொன்னேரி போகிறான். நானும் கூடப் போய், அப்படியே அவனை டாக்டரிடம் இழுத்துப் போவதாக இருக்கிறேன். டீ குடிக்காமல் கரையை விட்டு நகரமாட்டான். டாக்டரிடம் கேட்டுவிட்டேன், முதல் ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டியதில்லையாம். டீ நானே வாங்கிக் கொடுக்கப்போகிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறாள். ரத்தம் எடுக்கத் தன் கையைத்தான் முதலில் நீட்டுவாளாம், அவன் எதிரில். அவன் பாதி வழியில் இறங்கி ஓடினால், அடுத்த பாடில்லாத நாள் எது என்றும் கேட்டு வைத்திருக்கிறேன்.