நரிவால் ஜனாதிபதியும் நானும்

பழைய படம் விற்கிற சகபாடிகளே, கிழிந்த படத்தையும் விற்றுவிடலாம். படித்தவர் கேட்கிற படத்தைத் தேடித் தருகிறேன் என்று மட்டும் வாயை விட்டுவிடாதீர்கள்.

தொண்ணூறுகளில் மொன்ட்ரியாலின் சென்ட் லோரன்டில், கூரையில்லாத பழைய சாமான் சந்தையில் நானும் மன்னார் அன்ரனும் பங்குக்குக் கடை போட்டிருந்தோம். அங்கேயே கல்லூரியொன்றில் படிப்பிக்கிற சென்னைப் பேராசிரியர் ஒருவர் வந்தார். அமெரிக்காவின் ஆரம்பகால ஜனாதிபதி ஒருவரை நக்கலடித்து, அவர் உயிரோடிருந்தபோதே அச்சடித்த கேலிச்சித்திரம் கல்லூரிக் கண்காட்சிக்கு வேண்டுமாம். அசல் கிடைத்தால் கல்லூரி வாங்கும் பழைய படமெல்லாம் இனி என் மூலம்தான். சந்தைக் குளிரிலிருந்து தப்ப எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

ரயில்

மொன்ட்ரியால்-நோரில் ஒரு கியூபெக் கிழவர், "அந்தக் காலத்து அசல்" என்று சத்தியம் பண்ணி ஒன்றைத் தந்தார். பேராசிரியர் பார்த்துவிட்டு, ஜனாதிபதிக்குப் பின்னால் புகைவிட்டுக்கொண்டு போகும் ரயிலில் விரலை வைத்தார். அவர் ஆண்ட காலத்தில் அங்கே ரயிலே இல்லையாம். திரும்பிப் போய்க் கிழவரின் மேசையில் குத்தினேன். அவர் கோப்பியை உறிஞ்சியபடி சொன்னார்: "முசியே, ரயிலுக்கு நான் தனியாகக் காசு வாங்கவில்லையே."

பிரேம்

ரொக்ஸ்பரோவில் செத்துப்போன டொக்டர் ஒருவரின் வீட்டுச் சாமான்களை மகள் விற்றுக்கொண்டிருந்தார். சுவரில், தந்திரக்காரர் என்று நரிவால் வைத்து வரைந்த ஜனாதிபதி; ஓரத்தில் செப்புத்தகடு அழுத்திய தடம். அந்தக் காலத்து அச்சுக்கு அதுதான் அடையாளம். விரும்புகிற சாமானைத் திட்டுவதுதான் எங்கள் தொழில் வழக்கம். "படம் குப்பை, பிரேம் மட்டும் தாருங்கள்" என்றேன். அவர் படத்தைப் பிரேமிலிருந்து உருவி, கசக்கக் கையை மடக்கினார். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன். அவர் சிரித்தார்: "அப்படியென்றால் விலையை மறுபடி பேசுவோம்."

பாதுகாப்பு

சனிக்கிழமை பேராசிரியர் கடைக்கு வந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "அசலேதாங்க, திங்கக்கிழமை காலேஜுக்குக் கொண்டுவாங்க" என்றார். நான் குடியிருந்த நிலவறை ஈரம் என்று அன்ரன் படத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

திங்கட்கிழமை கல்லூரி வாசலில் அன்ரன் உறையைப் பிரித்தான். ஜனாதிபதி பளபளவென்று மின்னினார். லமினேட் பண்ணியிருந்தான்.

"டேய், என்னடா செய்தனி?"

"ஏன் அண்ணை கத்துறியள்? எங்கட பேர்த் சேர்ட்டிபிக்கட், அந்தோனியார் படம் எல்லாம் இப்பிடித்தானே வச்சிருக்கிறம்."

பேராசிரியர் பிளாஸ்டிக்கின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தார். வரவில்லை. என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இருநூறு வருஷம் தாங்கின பேப்பருங்க. உங்ககிட்ட ரெண்டு நாள் தாங்கலையே."

அந்த விண்டர் முழுக்க நானும் ஜனாதிபதியும் சந்தையில்தான் நின்றோம். பனியில் நனைந்தது நான் மட்டும்.