மச்சானுக்கு வைத்த தனிப் பீங்கான்

பூப்போட்ட வெள்ளைப் பீங்கான் தட்டு அது. ஏறாவூரில் என் தம்பியின் கல்யாணத்தன்று, சஹன் என்கிற ஒரு பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து, ஒரே சோற்றில் கைபோட ஆயத்தமானபோது அதை மச்சானுக்கு முன்னால் வைத்தவன் நான்தான். மச்சான் என்றால் என் மனைவியின் மூத்த காக்கா, அவளுடைய அண்ணன். கட்டாருக்குப் போக மெடிக்கல் செய்த இடத்தில், இரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் பி கிருமி இருக்கிறதென்று அவரைத் திருப்பி அனுப்பி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. "மாப்பிள்ளைக்கே தனிப் பீங்கான் இல்ல மச்சான், ஒங்களுக்குத்தான் ராஜ மரியாத!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதன்பிறகு எந்தக் கல்யாணச் சோற்றுக்கும் அவர் வரவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லியனுப்புவார். அந்த வயிற்றைப் பற்றியும் நான் பகிடி விட்டுச் சிரித்திருக்கிறேன்.

இந்த வருஷம் என் முறை வந்தது. ஈரலில் கொழுப்பு என்று டொக்டர் எழுதிக்கொடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவை, மோட்டார் சைக்கிள் சீட்டில் விரித்து நானே வாசித்தேன். ஹெப்படைட்டிஸ் பி பற்றி மூன்று வரி. முதலாவது நெகட்டிவ், மற்ற இரண்டும் பொசிட்டிவ். வாக்கு எண்ணுவதுபோல் எண்ணி, இரண்டுக்கு ஒன்று, நோய் வென்றுவிட்டது என்று முடிவுகட்டினேன். வாவிக்கரை வீதியில் வரும்போது சைக்கிள் கண்ணாடியில் பார்த்தால் கண் மஞ்சளாக இருந்தது. மறைகிற வெயில் என்று பிறகுதான் விளங்கியது. அதற்குள் மனதில் மரண சாசனம் எழுதத் தொடங்கியிருந்தேன். இரண்டு வரிக்குமேல் எழுதச் சொத்திருக்கவில்லை.

"எனக்கு வேறயா ஒரு பீங்கான்ல போடு," என்றேன் மனைவியிடம்.

"காக்காக்கு நீங்க வெச்ச மாதிரியா?"

அவ்வளவுதான் கேட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் சோற்றிலேயே கைபோட்டு மீன் துண்டை எடுத்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் டொக்டர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "மொதல் வரிதான் கிருமி. அது ஒங்களிட்ட இல்ல. மத்த ரெண்டும் ஒங்கட ஒடம்பு அதுக்கு எதிரா உண்டாக்கின காவல். தடுப்பூசியால வந்த காவலெண்டா ஒண்டுதான் பொசிட்டிவ் ஆகும். ஒங்களுக்கு ரெண்டும் இரிக்கி. எப்பயோ கிருமி வந்து, ஒங்களுக்குத் தெரியாமலே போயிட்டு. இனிப் பயமில்ல."

"ஒரே சஹன்ல திண்டதாலயா டொக்டர்?"

"சோத்தால இது பரவாது. இரத்தத்தால பரவும். சின்ன வயசில வந்திருக்கலாம், ஆருக்குத் தெரியும்?"

வெளியே வந்து நெடுநேரம் சைக்கிளை எடுக்காமல் நின்றேன். அவரிடம் இருந்த அதே கிருமி என்னிடமும் இருந்திருக்கிறது. என் உடம்பு அதைத் துரத்திவிட்டது, அவருடைய உடம்பால் முடியவில்லை. இதில் என் கெட்டித்தனம் ஒன்றுமே இல்லை. பகிடி மட்டும்தான் என்னுடையது.

ஓட்டமாவடியில் இருக்கும் மச்சானுக்குப் போன் எடுத்தேன். "எனக்கும் அது வந்திரிந்ததாம் மச்சான்."

"யா அல்லாஹ்! பயப்படாதீங்க. நான் போற கிளினிக்குக்கு நானே கூட்டிப் போறன். நல்ல டொக்டர் ஒருவர் இரிக்கார்."

"இல்ல மச்சான், அது தானாப் போயிட்டாம்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பிறகு கேட்டார்: "ஊட்டுல ஆரும் ஒங்கள விட்டுத் தள்ளி இரிந்தாங்களா?"

"இல்ல."

"நல்லம் மச்சான். அது பெரிய காரியம்."

உண்மையான சந்தோஷம் அந்தக் குரலில். மன்னிப்புக் கேட்கத்தான் நான் போன் எடுத்திருந்தேன். வாய் திறப்பதற்குள், அஸர் தொழுகைக்கு நேரமாகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.